சர்வர், சேமிப்பகம், நெட்வொர்க்: வளத் தொகுப்பில் பதிவு செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று சர்வர், ஒரு சேமிப்புப் பெட்டி, இரண்டு ஸ்விட்ச். நடுத்தர அலுவலகம் ஒன்றின் சர்வர் அறையில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். இவற்றை ஒன்றாகப் பதிந்து, மெய்நிகர் கணினிகள் (சர்வருக்குள் தனிக் கணினிபோல் ஓடும் மென்பொருள் கணினிகள்) எந்தச் சர்வரிலும் ஓடும்படி செய்வது எப்படி என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் எக்ஸ்சிபி-என்ஜி மென்பொருளை அடிப்படையாக வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அது எந்த ஜென்சர்வரிலிருந்து பிரிந்து வந்ததோ, அதற்கும் ஏறக்குறைய எல்லாம் பொருந்தும். கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து இங்கே கொடுக்கவில்லை. அவை உதவிப் பக்கங்களிலேயே கிடைக்கும். எதற்கு அடுத்து எதைச் செய்வது, எங்கே கை வைத்தால் சுடும் என்பதைத்தான் பலரும் பட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

வளத் தொகுப்பு என்றால் என்ன?

ஒரே தலைமையின் கீழ், ஒரே பதிவேட்டைப் பகிர்ந்துகொள்ளும் சர்வர்களின் கூட்டம். அலுவலகங்களில் ரிசோர்ஸ் பூல் என்றோ, சுருக்கமாகப் பூல் என்றோதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு சர்வரிலும் ஜாப்பி என்ற மேலாண்மை நிரல் ஓடுகிறது. சர்வர்களில் ஒன்று தலைமை, மற்றவை உறுப்பினர்கள். எந்தெந்தச் சர்வர்கள் இருக்கின்றன, எந்த வட்டு எந்த மெய்நிகர் கணினிக்கு, எந்த நெட்வொர்க் எந்தக் கேபிளில் என்ற முழு விவரமும் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். அதில் எழுதுவது தலைமையின் வேலை. உறுப்பினர்களிடம் நகல் இருக்கும்.

புதிதாக நிறுவிய தனிச் சர்வரும் ஒரு தொகுப்புதான். உறுப்பினர் ஒருவர், தலைவரும் அவரே. ஆகவே "இரண்டு சர்வர்களை இணைக்கிறோம்" என்று சொல்வது துல்லியமான பேச்சில்லை. ஒரு சர்வர் தன் ஒற்றையாள் தொகுப்பைக் கலைத்துவிட்டு இன்னொன்றின் தொகுப்புக்குள் போகிறது. யார் போவது, யார் ஏற்பது என்ற திசையை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் வரும் தொல்லைகளில் பாதி, இந்தத் திசையை யோசிக்காததால் வருபவை.

பதிவு செய்யும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

மூன்று வளங்களுக்கும் மூன்று விதமாக நடக்கிறது. சேமிப்பகத்தைப் பதிவது நிலத்துக்குப் பட்டா வாங்குவது மாதிரி. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், பதிவேட்டில் ஒரு வரி ஏறும். நெட்வொர்க்கைப் பதிவது தெருவுக்குப் பெயர்ப் பலகை வைப்பது மாதிரி. தெரு ஏற்கெனவே ஒழுங்காகப் போடப்பட்டிருந்தால்தான் பலகைக்கு மதிப்பு. சர்வரைப் பதிவது இந்த இரண்டையும்விடக் கனமான காரியம். கூட்டுக் குடும்பத்துக்குள் குடிபோவது போல, உள்ளே போகும் சர்வரின் சொந்தப் பதிவேடு போய், தொகுப்பின் பதிவேடு அதன் இடத்துக்கு வந்துவிடுகிறது.

விஎம்வேரிலும் ரிசோர்ஸ் பூல் இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

இல்லை. விஎம்வேர் விஸ்பியரில் சர்வர்களின் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். அங்கே ரிசோர்ஸ் பூல் என்பது, அந்தக் கிளஸ்டரின் சிபியுவையும் நினைவகத்தையும் பாகம் பிரித்து, இவ்வளவு பங்கு, இவ்வளவு உறுதி, இவ்வளவு உச்சவரம்பு என்று ஒதுக்குவது. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸிலோ பூல் என்பது அனுமதிகளைச் சுலபமாகக் கொடுப்பதற்காக மெய்நிகர் கணினிகளையும் சேமிப்பகங்களையும் ஒரு பெயரின் கீழ் சேர்த்துக் கட்டிய மூட்டை. சர்வர் கூட்டத்துக்கு அங்கேயும் கிளஸ்டர்தான். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கி முடித்தபின் பலர் வேறு மென்பொருளுக்கு மாறினார்கள். மாறியவர்கள் இந்தச் சொல்லில் தடுக்கி விழுவதை நிறையப் பார்க்கிறேன். ஒரு மென்பொருளின் கையேட்டை வைத்துக்கொண்டு இன்னொன்றின் பூலைக் கட்டாதீர்கள்.

எந்த வரிசையில் பதிவு செய்வது?

முதலில் தலைமையாக இருக்கப்போகும் சர்வரில் நெட்வொர்க்கை முடியுங்கள். அடுத்து மற்றச் சர்வர்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கடைசியில் பகிர்வுச் சேமிப்பகம். தலைமையில் நெட்வொர்க் அமைப்பு முடிந்திருந்தால், சேரும் சர்வர்கள் அதைத் தாமாகவே பெற்றுக்கொள்ளும். சேமிப்பகத்தைக் கடைசியாகப் பதிந்தால், ஒரே முயற்சியில் எல்லாச் சர்வர்களிலும் இணைப்பு ஏற்படும். இணைப்பு கிடைக்காத சர்வர் எது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சேமிப்பகம் ஏற்கெனவே பதியப்பட்ட தொகுப்பிலும் புதிய சர்வரைச் சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் புதிய சர்வரில் மட்டும் இணைப்பு விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். அதைத் தனிக் கேள்வியாகக் கீழே எடுத்திருக்கிறேன்.

சர்வரைச் சேர்ப்பதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

மென்பொருள் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று என்றால் எண் மட்டும் ஒன்று என்று பொருளில்லை, போட்டிருக்கும் திருத்தங்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பு நிறுவிய தலைமையும், நேற்று நிறுவிய புதிய சர்வரும் ஒரே பதிப்பு எண்ணைக் காட்டியும் திருத்த அளவில் வேறுபட்டிருக்கும். இரண்டையும் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சிபியு ஒரே நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். இன்டெல் தொகுப்பில் ஏஎம்டி சேராது.

மேலாண்மை ஐபி முகவரியை நிலையானதாக வையுங்கள். முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி வழியே இன்று ஒன்று, நாளை ஒன்று என்று முகவரி மாறினால், உறுப்பினர்கள் தலைமையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கடிகாரம் ஒத்துப்போக வேண்டும். எல்லாச் சர்வர்களையும் நேரத்தைச் சொல்லும் ஒரே என்டிபி சர்வரைப் பார்க்கச் செய்யுங்கள். நேரம் ஒரு சின்ன விஷயம் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பிறகு சான்றிதழ் பிழை, உள்நுழைவு பிழை என்று காரணம் புரியாத அறிகுறிகளோடு வருவார்கள்.

சேரும் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியோ, இடைநிறுத்தி வைக்கப்பட்ட மெய்நிகர் கணினியோ இருக்கக் கூடாது. முழுமையாக நிறுத்தப்பட்டவை இருந்தால் பரவாயில்லை. அதேபோல் பகிர்வுச் சேமிப்பகம் எதையும் அது தன் பெயரில் பதிந்து வைத்திருக்கக் கூடாது. பகிர்வுச் சேமிப்பகம் பதியப்பட்ட சர்வரும், வெறும் சர்வரும் உங்களிடம் இருந்தால், வெறும் சர்வர்தான் போய்ச் சேர வேண்டும். திசை என்று முன்பு சொன்னது இதுதான்.

இன்னொன்று. நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து, ஒரு சர்வரின் நிறுவல் வட்டை அப்படியே நகலெடுத்து மற்றதில் போடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு சர்வர்களுக்கும் ஒரே அடையாள எண்ணும், ஒரே ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியே வட்டை அணுகும் முறை) பெயரும் வந்துவிடும். அரைமணி நேர நிறுவலை மிச்சம் பிடித்து அரை நாளைத் தொலைக்கும் வழி அது.

சேரும்போது வற்புறுத்திச் சேர்க்கும் விருப்பம் ஒன்று இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். சோதனைக் கூடத்தில் விளையாடிப் பாருங்கள், உற்பத்திச் சர்வரில் தொடாதீர்கள்.

சேர்ந்த பிறகு சர்வரில் என்னென்ன மாறும்?

நிர்வாகக் கடவுச்சொல் மாறும். தலைமையின் கடவுச்சொல்லே புதிய சர்வருக்கும் வந்துவிடும். "சர்வர் ஹேக் ஆகிவிட்டது, என் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை" என்று பதறிய ஒருவரோடு இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறேன். அன்று மாலைதான் அவர் அந்தச் சர்வரைத் தொகுப்பில் சேர்த்திருந்தார்.

தொகுப்பில் உள்ள நெட்வொர்க்குகளும் பகிர்வுச் சேமிப்பகங்களும் புதிய சர்வரின் பட்டியலில் தோன்றும். புதிய சர்வரின் உள் வட்டு அதனுடையதாகவே, உள்ளிருப்பதோடு அப்படியே தொடரும். நிறுத்தி வைத்திருந்த மெய்நிகர் கணினிகளின் விவரமும் தொகுப்புப் பதிவேட்டுக்குள் வந்துவிடும்.

ஒரு சின்ன எரிச்சல்: எல்லாச் சர்வர்களின் உள் வட்டுக்கும் நிறுவும்போது ஒரே பெயர்தான் வைக்கப்படுகிறது. மூன்று சர்வர் சேர்ந்ததும் பட்டியலில் ஒரே பெயரில் மூன்று சேமிப்பகங்கள் நிற்கும். சேர்த்த அன்றே சர்வர் பெயரோடு சேர்த்துப் பெயர் மாற்றிவிடுங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் படும் பாடு பிறகு உங்களுக்கு வராது.

பழைய சர்வரும் புதிய சர்வரும் ஒரே தொகுப்பில் இருக்கலாமா?

இருக்கலாம், ஒரே நிறுவனத்தின் சிபியுவாக இருக்கும்வரை. எல்லாச் சர்வர்களிலும் பொதுவாக உள்ள சிபியு வசதிகளை மட்டும் தொகுப்பு மெய்நிகர் கணினிகளுக்குக் காட்டி, மற்றவற்றை மறைத்துவிடும். புதிய சர்வரின் கூடுதல் திறன்களில் சில மறைந்துபோவது இதற்கான விலை.

பழைய தொகுப்பில் புதிய சர்வரைச் சேர்த்தால் எதுவும் நடந்ததாகவே தெரியாது. புதிய சர்வர்கள் உள்ள தொகுப்பில் பழையது ஒன்றைச் சேர்த்தால்தான் கவனம் வேண்டும். பொதுவான அளவு கீழே இறங்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினிகளோ மேல் அளவைப் பார்த்துக்கொண்டே ஓடும். அவற்றை ஒருமுறை நிறுத்தித் தொடங்கும்வரை பழைய சர்வருக்கு நகர்த்த முடியாது. வெள்ளிக்கிழமை மாலை பழைய சர்வரைச் சேர்த்துவிட்டு, சனிக்கிழமை அதற்கு எல்லாவற்றையும் நகர்த்தத் திட்டமிட்டவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

நெட்வொர்க்கைப் பதிவு செய்வதில் கேபிள் வரிசை ஏன் முக்கியம்?

தொகுப்பு உங்கள் கேபிளைப் பார்ப்பதில்லை, நெட்வொர்க் கார்டின் எண்ணைப் பார்க்கிறது. தலைமையில் ஈத்0 மேலாண்மைக்கு, ஈத்1 மெய்நிகர் கணினிகளுக்கு, ஈத்2 சேமிப்பகத்துக்கு என்று இருந்தால், புதிதாகச் சேரும் ஒவ்வொரு சர்வரிலும் அதே எண்ணுள்ள கார்டு அதே நெட்வொர்க்கோடு பொருத்தப்படும். இரண்டாவது சர்வரில் கேபிளை மாற்றிச் செருகியிருந்தால், பதிவேட்டில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. மெய்நிகர் கணினியை அந்தச் சர்வருக்கு நகர்த்திய மறுநொடி அதன் இணைப்பு அறுந்துபோகும்.

இந்தக் கோளாறு மிகவும் குழப்பக்கூடியது. சர்வர் ஒன்றில் நன்றாக ஓடியது, இரண்டில் ஓடவில்லை, மறுபடி ஒன்றுக்குக் கொண்டுவந்தால் ஓடுகிறது என்றால், மென்பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் ரேக்கின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். நான் ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் காகித ஒட்டி போடுவேன். சர்வரின் பெயர், கார்டின் எண், ஸ்விட்ச் துளையின் எண். சேர்ப்பதற்கு முன் ஒரு கேபிளை உருவி, திரையில் எந்தக் கார்டின் இணைப்பு போகிறது என்று பார்த்து உறுதி செய்வேன். சர்வர் ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

வெவ்வேறு தயாரிப்புச் சர்வர்கள் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. சர்வரின் பின்பக்கத்தில் முதல் துளையாகத் தெரிவது மென்பொருளுக்கு ஈத்0 ஆக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கார்டு கூடுதலாகப் பொருத்தினாலும் எண்கள் புரளலாம். எண்களை மாற்றி வரிசைப்படுத்த வழி இருக்கிறது. அதைத் தொகுப்பில் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இரண்டு கார்டுகளைச் சேர்த்துப் பாண்ட் போடுவது எப்போது?

தலைமையில், மற்றவை சேர்வதற்கு முன். அப்படிச் செய்தால் சேரும் சர்வர்களில் அதே பாண்ட் தானாக அமையும். சேரவிருக்கும் சர்வரில் தனியாகப் பாண்ட் போட்டு வைக்காதீர்கள், அதை வெறுமையாக விடுங்கள்.

எந்த வகை என்று கேட்டால், ஒன்று ஓட மற்றது காத்திருக்கும் வகைக்கு ஸ்விட்ச்சில் எந்த வேலையும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் எல்ஏசிபி வகைக்கு ஸ்விட்ச்சிலும் அதற்கான அமைப்பு வேண்டும். இரண்டு கேபிளும் இரு வேறு ஸ்விட்ச்சுக்குப் போனால், அந்த ஸ்விட்ச்கள் ஒரே ஸ்விட்ச்போல நடிக்கத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வகையோடு நிம்மதியாக இருங்கள்.

விலேன்?

ஒரே கேபிளில் பல தனி நெட்வொர்க்குகளை எண் போட்டுப் பிரிப்பது விலேன். தொகுப்பு அளவில் ஒருமுறை உருவாக்கினால் எல்லாச் சர்வர்களிலும் உருவாகிவிடும். ஆனால் ஸ்விட்ச்சில் ஒவ்வொரு சர்வரின் துளையிலும் அந்த விலேன் எண் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதை உங்கள் தொகுப்பு செய்யாது.

சேமிப்பக நெட்வொர்க்கில் 9000 என்ற பெரிய பொட்டல அளவைப் போட விரும்புபவர்களுக்கும் இதே பதில்தான். சர்வர், ஸ்விட்ச், சேமிப்புப் பெட்டி மூன்றிலும் போட வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் சின்னக் கோப்புகள் போகும், பெரிய கோப்புகள் தொங்கும். மூன்றிலும் மாற்ற அனுமதியில்லை என்றால் 1500-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பகத்தைப் பதிவு செய்யும்போது வரும் எஸ்ஆர், பிபிடி, விடிஐ எல்லாம் என்ன?

எஸ்ஆர் என்பது பதிவேட்டில் உள்ள சேமிப்பகம். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் அந்தச் சேமிப்பகத்துக்குப் போகும் இணைப்புக்குப் பிபிடி என்று பெயர். மூன்று சர்வர், ஒரு பகிர்வுச் சேமிப்பகம் என்றால் ஒரு எஸ்ஆர், மூன்று பிபிடி. விடிஐ என்பது சேமிப்பகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு மெய்நிகர் வட்டும். நிலம், நிலத்துக்குப் போகும் பாதை, நிலத்தில் உள்ள வீடு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். "சேமிப்பகம் போய்விட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் நிலமும் வீடும் பத்திரமாக இருக்கும், ஏதோ ஒரு சர்வரிலிருந்து பாதை மட்டும் அடைபட்டிருக்கும்.

என்எஃப்எஸ்ஸா, ஐஸ்கஸியா?

என்எஃப்எஸ் கோப்பு அடைவைப் பகிரும் முறை, ஐஸ்கஸி வட்டையே பகிரும் முறை. முதல்முறை தொகுப்பு கட்டுபவர்களுக்கு என்எஃப்எஸ் என்பது என் கருத்து. வட்டுகள் சாதாரணக் கோப்புகளாக இருக்கும், எழுதிய அளவுக்கு மட்டுமே இடம் பிடிக்கும். சர்வரின் நிர்வாகி கணக்குக்கு முழு எழுத்து உரிமையைச் சேமிப்புப் பெட்டியில் கொடுத்திருக்க வேண்டும். பல பெட்டிகள் அந்த உரிமையை இயல்பாகக் குறைத்து வைத்திருக்கும், பதிவு தோற்பதற்கு முதல் காரணம் அதுதான்.

ஐஸ்கஸியிலும், அதேபோல் வட்டைப் பகிரும் ஃபைபர் சேனலிலும் ஒவ்வொரு வட்டும் முழு அளவையும் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்த நேரத்து நிலைப் பதிவு; காப்புநகலும் இதை எடுக்கும்) எடுத்தால் மறுபடியும் அந்த அளவுக்கு இடம் கேட்கும். 1 டிபி சேமிப்பகத்தில் 600 ஜிபி நிரம்பிய வட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, இரவுக் காப்புநகல் ஏன் தோற்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இங்கேயே இருக்கிறது. வழக்கமான விஎச்டி வடிவத்தில் ஒரு வட்டின் உச்ச அளவு சுமார் 2 டிபி என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஐஸ்கஸி சேமிப்பகத்தைப் பதிவு செய்யும்போது சேமிப்புப் பெட்டியில் என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு சர்வருக்கும் ஐக்யூஎன் என்ற தனிப் பெயர் உண்டு. எல்லாச் சர்வர்களின் ஐக்யூஎன்னையும் பெட்டியின் அனுமதிப் பட்டியலில் சேர்த்து, ஒரே லன்னை (பெட்டி ஒதுக்கித் தரும் வட்டுப் பகுதி) எல்லோருக்கும் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டுப் பதிவு செய்தால், மற்றச் சர்வர்களில் பிபிடி இணைப்பு ஏற்படாது. ஒரே பெட்டிக்கு இரண்டு பாதை வைத்திருப்பவர்கள், பல்வழி இணைப்பு வசதியை ஒவ்வொரு சர்வரிலும் முன்பே இயக்கிவிட்டுப் பதிவைத் தொடங்கினால் பின்னால் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகும் வேலை மிச்சம்.

பதிவு செய்யும்போது "ஏற்கெனவே ஒரு சேமிப்பகம் இருக்கிறது" என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். லன்னில் முன்பு யாரோ உருவாக்கிய சேமிப்பகம் இருக்கிறது என்று அர்த்தம். மீண்டும் இணைப்பதைத் தேர்ந்தால் உள்ளே இருப்பது அப்படியே வரும். வடிவமைப்பதைத் தேர்ந்தால் அத்தனையும் போய்விடும். கட்டளை வழியில் செய்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது: புதிதாக உருவாக்கும் கட்டளை வேறு, ஏற்கெனவே இருப்பதை அறிமுகம் செய்யும் கட்டளை வேறு. முதலில் தேடிப் பார்க்கும் கட்டளையை ஓட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

ஒரே லன்னை இரண்டு தொகுப்புகளில் பதியலாமா?

கூடவே கூடாது. ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா. ஒரு தொகுப்புக்குள் யார் எப்போது எழுதுவது என்பதைத் தலைமை பார்த்துக்கொள்கிறது. இரண்டு தொகுப்பு என்றால் இரண்டு தலைமை, ஒன்றுக்கொன்று அறிமுகமில்லை. இரண்டும் ஒரே இடத்தில் எழுதி, இரண்டு பக்கத்து வட்டுகளும் சிதையும். இதில் கொடுமை என்னவென்றால், முதல் சில நாள் எல்லாம் சரியாக ஓடுவதாகவே தோன்றலாம்.

என்எஃப்எஸ்ஸில் ஒரு சலுகை உண்டு. ஒவ்வொரு எஸ்ஆருக்கும் தனி அடைவு உருவாக்கப்படுவதால், ஒரே பகிர்வில் இரண்டு தொகுப்புகள் தத்தம் எஸ்ஆரை வைத்துக்கொள்ளலாம். ஒரே எஸ்ஆரை இருவரும் எடுப்பது அங்கேயும் ஆபத்துதான்.

புதிய சர்வர் தொகுப்பில் சேர்ந்துவிட்டது, ஆனால் பகிர்வுச் சேமிப்பகம் அதில் மட்டும் துண்டிக்கப்பட்டதாகக் காட்டுகிறது. ஏன்?

அனேகமாக அதன் சேமிப்பகக் கார்டுக்கு ஐபி முகவரி இல்லை. தொகுப்பிலிருந்து நெட்வொர்க்கின் பெயரும் அமைப்பும் வரும், ஆனால் இரண்டாம் கார்டுகளுக்கான ஐபி முகவரியை நீங்கள்தான் ஒவ்வொரு சர்வரிலும் கொடுக்க வேண்டும். முகவரியைக் கொடுங்கள். அந்தச் சர்வரிலிருந்து சேமிப்புப் பெட்டிக்குப் பிங் போகிறதா என்று பாருங்கள். என்எஃப்எஸ் என்றால் 2049, ஐஸ்கஸி என்றால் 3260 என்ற போர்ட் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியின் அனுமதிப் பட்டியலில் புதிய சர்வரின் ஐபியோ ஐக்யூஎன்னோ சேர்ந்திருக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் பிபிடியை மறுபடி இணையுங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை.

சேமிப்பகத்தைப் பதிவிலிருந்து எடுக்க மூன்று விதம் காட்டுகிறதே?

துண்டித்தல், மறத்தல், அழித்தல். துண்டித்தால் பாதை மட்டும் மூடும், பதிவேட்டில் வரி இருக்கும். மறந்தால் பதிவேட்டிலிருந்து வரி நீங்கும், சேமிப்பகத்தில் தரவு அப்படியே இருக்கும். அழித்தால் தரவும் போய்விடும். பட்டாவில் பெயர் நீக்குவது ஒன்று, வீட்டை இடிப்பது ஒன்று.

மறத்தலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தரவு இருக்கும், ஆனால் எந்த வட்டு எந்த மெய்நிகர் கணினியுடையது என்ற தொடர்பு பதிவேட்டோடு போய்விடும். திரும்ப இணைத்தபின் இருபது வட்டுகள் உரியவர் தெரியாமல் நிற்கும். அதனால் மறப்பதற்கு முன் மெய்நிகர் கணினி விவரங்களைச் சேமிப்பகத்திலேயே காப்புநகலாக எழுதி வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். சர்வரின் கன்சோல் மெனுவிலேயே அது இருக்கிறது, நாள்தோறும் ஓடும்படியும் அமைக்கலாம்.

சர்வர் ஒன்றைத் தொகுப்பிலிருந்து எடுக்க வேண்டும். நேராக வெளியேற்றலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். வெளியேற்றப்படும் சர்வர், மறுதொடக்கமாகி, புதிதாக நிறுவியதுபோல் ஆகிவிடும். அதன் உள் வட்டில் உள்ள அனைத்தும் அழியும்.

பகிர்வுச் சேமிப்பகத்தில் இருப்பவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அதனாலேயே பலருக்கு இந்த விதி நினைவில் நிற்பதில்லை. எனக்கும் நிற்கவில்லை. ஒரு தொகுப்பில் சர்வர் ஒன்றைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டதாக நினைத்து வெளியேற்றினேன். ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நகர்த்தியிருந்தேன். நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு சோதனைக் கணினியின் வட்டு உள் சேமிப்பகத்தில் இருந்தது. பட்டியலில் "ஓடுபவை மட்டும்" என்ற வடிகட்டி போட்டிருந்ததால் அது கண்ணில் படவில்லை. எச்சரிக்கைப் பெட்டி வந்தது, அதில் எழுதியிருந்ததும் உண்மைதான், நான்தான் படிக்கவில்லை. ஒரு சக ஊழியரின் மூன்று வார உழைப்பு அதில் இருந்தது.

இப்போது நான் செய்வது: வெளியேற்றும் சர்வரின் உள் சேமிப்பகத்தைத் திறந்து, வட்டுப் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். கணினிப் பட்டியலை நம்புவதில்லை. உரியவர் இல்லாத வட்டுகளும் அங்கேதான் தெரியும்.

சர்வர் ஏற்கெனவே இறந்துவிட்டது, திரும்ப வராது என்றால் வெளியேற்ற முடியாது. அதற்கு அந்தச் சர்வரைப் பதிவேட்டிலிருந்து மறக்கச் செய்யும் கட்டளை தனியாக இருக்கிறது.

தலைமைச் சர்வர் செத்துப்போனால் மொத்தமும் நின்றுவிடுமா?

தலைமையில் ஓடிய மெய்நிகர் கணினிகள் நிற்கும். உறுப்பினர்களில் ஓடுபவை தொடர்ந்து ஓடும். ஆனால் நிர்வாகம் எதுவும் நடக்காது, உறுப்பினர்கள் அவசர நிலைக்குப் போய்விடுவார்கள். எச்ஏ (சர்வர் ஒன்று விழுந்தால் அதன் கணினிகளைத் தானாக வேறு சர்வரில் எழுப்பும் வசதி) இயக்கப்படாத தொகுப்பில் புதிய தலைமை தானாக வராது. உறுப்பினர் ஒன்றில் நுழைந்து, அதைத் தலைமையாக மாறச் சொல்லி, பிறகு மற்ற உறுப்பினர்களைப் புதிய தலைமையிடம் திருப்ப வேண்டும். இரண்டு கட்டளைகள். அவற்றைக் காகிதத்தில் எழுதி ரேக்கின் கதவில் ஒட்டி வையுங்கள், ஏனெனில் அந்த நேரத்தில் உங்கள் குறிப்புகள் இருக்கும் கணினியும் நின்றிருக்கக்கூடும்.

அவசரப்பட்டுத் தலைமையை மாற்றவும் வேண்டாம். பழைய தலைமை மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருக்கிறது, ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் என்றால் காத்திருப்பதே நல்லது. பராமரிப்புக்காகத் திட்டமிட்டு மாற்றுவதாக இருந்தால், தலைமை உயிரோடு இருக்கும்போதே பொறுப்பை ஒப்படைக்கும் சாதாரண வழி இருக்கிறது.

எச்ஏ போட எத்தனை சர்வர் வேண்டும்?

மூன்று. இரண்டில் போட முடியும், ஆனால் நடுவில் நெட்வொர்க் அறுந்தால் எது உயிரோடு இருக்கிறது என்று தீர்மானிக்க மூன்றாமவர் இல்லை. "உயிரோடு இருக்கிறேன்" என்று காட்டும் இதயத் துடிப்பை எழுத எல்லாச் சர்வர்களுக்கும் தெரியும் பகிர்வுச் சேமிப்பகம் வேண்டும். துடிப்பு அறுந்து தொகுப்பிலிருந்து பிரிந்துவிட்டதாகக் கண்டால் சர்வர் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். ஆகவே நெட்வொர்க்கும் சேமிப்பகமும் ஆட்டம் காணும் இடத்தில் எச்ஏ போட்டால், இல்லாத தொல்லையைக் கூலி கொடுத்து அழைத்தது போலாகும். ஸ்விட்ச்சை மாற்றும் நாளில் எச்ஏவை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு தொகுப்பில் எத்தனை சர்வர்கள் வரை?

64 வரை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் பெரும்பாலும் நான்குதான் இருக்கும்.

புதுப்பிக்கும்போது எந்தச் சர்வர் முதலில்?

எப்போதும் தலைமை. உறுப்பினரை முதலில் புதுப்பித்தால் தலைமை பேசும் மொழி அதற்குப் புரியாமல் போகலாம். புதுப்பித்தல் பாதியில் இருக்கும்போது புதிய சர்வரைச் சேர்க்காதீர்கள்.

மின்தடைக்குப் பிறகு எல்லாவற்றையும் எந்த வரிசையில் இயக்குவது?

ஸ்விட்ச், சேமிப்புப் பெட்டி, தலைமை, உறுப்பினர்கள். பெட்டி முழுமையாக எழுந்து பகிர்வுகளைக் காட்டத் தொடங்கிய பிறகே சர்வரின் பொத்தானைத் தொடுங்கள். சர்வர்கள் பெட்டியைவிட வேகமாக எழுந்துவிட்டால் பிபிடிகள் இணையாமல் நிற்கும், மெய்நிகர் கணினிகள் வட்டு இல்லை என்று மறுக்கும். அப்படி ஆனால் எதையும் மறக்கவோ புதிதாக உருவாக்கவோ போகாமல், ஒவ்வொரு சர்வரிலும் பிபிடியை மறுபடி இணைத்தால் போதும். யுபிஎஸ் பேட்டரி தீர்வதற்குள் நிறுத்துவதாக இருந்தால் இதே வரிசையைத் தலைகீழாகப் போங்கள். சேமிப்புப் பெட்டியும் ஸ்விட்ச்சும் யுபிஎஸ்ஸில்தான் செருகப்பட்டிருக்கின்றனவா என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.